நாலு இலையில் இருக்கும்போதே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தைப் பனியைப் பொருட்படுத்தாமல் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'ஊர்க் கட்டடங்கள் பாழாகாமல் காப்பது அரசின் கையிலா, மக்கள் கையிலா?' இதுதான் தலைப்பு. மக்கள் கையில்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

பணம், பொறியாளர், சட்டம் எல்லாம் அரசிடம்தானே இருக்கிறது என்று எதிரணித் தலைவர் கேட்டார். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கட்டடம் எப்படி விழுகிறது என்பதை அவர் சொல்லவே இல்லை.

எங்கள் ஊரில் வெண்ணாற்றங்கரையில் ஒரு சத்திரம் இருந்தது. சுண்ணாம்புக் காரைச் சுவர், தேக்கு உத்தரம், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட மெட்ராஸ் ஒட்டுத் தளம். நான் ஏழாவது படிக்கும்போது அதன் கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று முளைத்தது. காக்கை எச்சத்தில் வந்த விதை. நாலே இலை. இரண்டு விரலால் பிடுங்கிப் போட்டிருக்கலாம். தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போனேன். நானும் பிடுங்கவில்லை, ஊரில் வேறு யாரும் பிடுங்கவில்லை. வேர் காரைக்குள் இறங்கியது. சுவர் வெடித்தது. வெடிப்பு வழியாக ஐப்பசி மழை உத்தரத்துக்குப் போனது. ஊறிய தேக்கில் கரையான் ஏறியது. நான் கல்லூரி முடித்துத் திரும்பியபோது தளம் தரையில் கிடந்தது. அதற்கு அப்புறம்தான் மனு எழுதினோம். அதிகாரிகள் வந்து அளந்தார்கள், போனார்கள்.

நடுவர் அவர்களே, அந்த நாலு இலை எந்தக் கோப்பிலும் ஏறாது. தினமும் அந்த வழியாகப் போகிறவர் கண்ணில்தான் படும்.

இது நமக்குப் புதிதா? 7ஆம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் கையில் இருந்தது என்ன? உழவாரம். கோயில் வளாகத்துப் புல்லைச் செதுக்குகிற கருவி. அரண்மனை ஆட்கள் வரட்டும் என்று அவர் காத்திருந்தாரா? இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியும் துடைப்பமுமாக உழவாரப் பணிக்கு வருகிறவர்கள் அந்த வழியில் வந்தவர்கள்தான். வாய்க்காலைத் தூர் வார வீட்டுக்கு ஓர் ஆள் போன குடிமராமத்தும் இதே மண்ணின் பழக்கம்.

செங்கல் கோயில்களைக் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக மாற்றிய சோழ அரசி செம்பியன் மாதேவியைச் சொல்லி, அவர் அரசிதானே என்றார்கள் எதிரணியினர். அந்த அம்மையாரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். திருக்கோடிக்காவலில் பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மறுபடி வெட்டவைத்தார். ஆனால் சோழர் காலத்துக் கோயில் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். அணையாமல் எரியும் நந்தா விளக்கின் நெய்க்குத் தொண்ணூறு ஆடு, தொண்ணூற்றாறு ஆடு என்று கொடுத்தவர்களில் ராஜா அல்லாதவர்கள் எத்தனை பேர்! விளக்கு அவர்களாலும் எரிந்தது.

சரி, ஆர்வத்தில் கெடுத்ததும் உண்டு. மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்யப் போய், கல்வெட்டு எழுத்து மழுங்கியிருக்கிறது. சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே செங்கல் பொரிந்துபோகும். தொல்லியல் துறையின் சின்னம் என்றால் அனுமதியில்லாமல் கை வைக்கக் கூடாது. பார்த்ததைச் சொன்னால் போதும். அப்படிச் சொல்வதும் காவல்தான். ஆனால் கூரையில் மழைநீர் வடியும் தூம்பில் அடைத்த சருகை அள்ள எந்த நிபுணர் வேண்டும்? நழுவிய ஓட்டை நகர்த்தி வைக்க எந்தத் திட்ட மதிப்பீடு வேண்டும்?

சத்திரம் போனபின் எங்களுக்குப் புத்தி வந்தது. ஊர் நூலகம் ஓட்டுக் கட்டடம். நூலகரிடம் சொல்லிவிட்டு, புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்னால், ஒரு கொத்தனாரும் நாங்கள் நாலு பேரும் ஏணி போட்டு ஏறுகிறோம். சருகு, உடைந்த ஓடு, கன்று, எல்லாம் ஒரு காலைப்பொழுது வேலை. போன புரட்டாசியில் வேலை முடிந்து கீழே இறங்கிவிட்டோம். புத்தகம் மாற்ற வந்த ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அண்ணாந்து பார்த்து, "அண்ணே, அந்த மூலையில இன்னொண்ணு இருக்கு" என்றாள்.

ஏணியை அந்தப் பக்கம் நகர்த்தினோம்.