கூடும் காகிதமும்: பழைய 325 ஐ.எஸ். தேடுவோருக்கு

வணக்கம் நேயர்களே.

1990-களின் தொடக்கத்தில் இருபது வயதில் பி.எம்.டபிள்யூ. 325 ஐ.எஸ். வண்டியைப் பார்த்து ஏங்கியவர்களுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. பிள்ளைகள் படிப்பை முடித்துவிட்டார்கள், வீட்டுக் கடனும் அடைந்துவிட்டது. டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் டோங்காட்டிலும் பலர் இன்று அந்த வண்டியைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். கையில் பணம் இருக்கிறது, ஆசையும் முப்பது வருடமாகக் காத்திருக்கிறது. வாங்குகிறவர் மிக எளிதாக ஏமாறும் நேரம் இதுதான். அதனால் இன்றைய உரை முழுவதும் இந்த ஒரே வண்டியைப் பற்றியது.

இது தென்னாப்பிரிக்காவுக்கென்றே செய்யப்பட்ட வண்டி. 3 சீரீஸின் ஈ30 தலைமுறையில் பி.எம்.டபிள்யூ. செய்த எம்3 என்ற வேக வண்டி இடது கை ஸ்டியரிங்கோடு மட்டுமே வந்தது, அதனால் நம் நாட்டில் அதை விற்க முடியவில்லை. முதலில் ஆல்பினா என்ற ஜெர்மன் நிறுவனத்தின் துணையோடு 3.2 லிட்டர் எஞ்சின் பொருத்திய 333 ஐ. வந்தது. அதற்குப் பின், கடையில் விற்கும் வண்டிகளை அதிகம் மாற்றாமல் ஓட்டும் குரூப் என் பந்தயங்களில் ஓப்பல் கடெட் சூப்பர்பாஸை எதிர்கொள்வதற்காக, பிரிட்டோரியாவுக்கு அருகே ரோஸ்லின் ஆலையில் 325 ஐ.எஸ். உருவானது. இரண்டே கதவு, ஆறு சிலிண்டர். 2.7 லிட்டர் எஞ்சின் 145 கிலோவாட் தந்தது. கடைசியாக வந்த ஈவோ என்ற வகை 155 கிலோவாட்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியில் எஞ்சினைப் பார்த்து மயங்காதீர்கள். எஞ்சின் தேய்ந்திருந்தால் பிரித்துக் கட்டலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். துருப்பிடித்த கூட்டையும், அதாவது வண்டியின் தகட்டு உடலையும், பொய்யான காகிதத்தையும் எந்த மெக்கானிக்காலும் சரி செய்ய முடியாது. கூட்டுக்கும் காகிதத்துக்கும்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

காகிதத்தை முன்வைப்பதற்குக் காரணம், சந்தையில் போலிகள் அதிகம். சாதாரண இரண்டு கதவு 320 அல்லது 325 வண்டிக்கு ஸ்பாய்லரும் பேட்ஜும் மாட்டி ஐ.எஸ். என்று விற்கிறார்கள். ‘எஞ்சின் 2.7 லிட்டர்தான், பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று விற்பவர் சொன்னாலும் அது எதையும் நிரூபிக்காது. ஐ.எஸ். எஞ்சின் சேர்ந்த அதே எம்20 குடும்பத்தில், எரிபொருள் சிக்கனத்துக்காகச் செய்த 525 ஈ. போன்ற ஈட்டா வண்டிகளிலும் 2.7 லிட்டர் எஞ்சின்தான் இருந்தது. ஸ்ட்ரோக் என்பது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம். அதன் 81 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் கிராங்க்கை எடுத்து, 75 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள 2.5 எஞ்சினில் போட்டால் 2.7 ஆகிவிடும். இரண்டுக்கும் சிலிண்டர் துளை 84 மில்லிமீட்டர்தான். ஆகவே அளவை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். எஞ்சின் அறையின் பின்சுவரில் வண்டியின் சேசிஸ் எண் குத்தப்பட்டிருக்கும். அதைச் சுற்றி வெல்டிங் தடம், புதுப் பெயிண்ட், கோணலான எழுத்து இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சின் பிளாக்கில் இருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் பதிவுச் சான்றிதழில் உள்ளவற்றோடு ஓரெழுத்துக்கூட மாறாமல் பொருந்த வேண்டும். பிறகு அந்தச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, எந்த மாடலாக வண்டி ஆலையை விட்டு வெளியேறியது என்று பி.எம்.டபிள்யூ. டீலரிடம் கேளுங்கள். பழைய சர்வீஸ் புத்தகம் இருந்தால் பெரும் பலம்.

அதே சான்றிதழில் இன்னும் இரண்டு இடங்களைப் படிக்க வேண்டும். உரிமையாளர் ஒருவர், டைட்டில்ஹோல்டர் ஒருவர் என்று தனித்தனியாக இருக்கும். டைட்டில்ஹோல்டர் இடத்தில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை என்று பொருள். வங்கியிடமிருந்து செட்டில்மென்ட் கடிதம் வரும்வரை ஒரு ராண்ட்கூடக் கொடுக்காதீர்கள். அடுத்தது வண்டியின் நிலை. கோட் 2 என்றால் பயன்படுத்திய வண்டி, அதுதான் நமக்கு வேண்டியது. கோட் 3 என்றால் விபத்திலோ திருட்டிலோ சிதைந்து மறுபடி கட்டிய வண்டி. அதற்கு இன்சூரன்ஸ் கிடைப்பது கடினம், விற்கும்போதும் விலை போகாது. கோட் 4 மறுபடி சாலைக்கு வரவே முடியாது. எஞ்சின் மாற்றப்பட்டு அந்த மாற்றம் பதிவாகாமல் இருந்தால், போலீஸ் கிளியரன்ஸ் வாங்கிப் பதிவைத் திருத்தும் வேலையை விற்பவரே முடித்துத் தரட்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

இனிக் கூடு. டர்பன் கடற்காற்று உப்பும் ஈரமும் கலந்தது. இங்கேயே முப்பது வருடம் நின்ற வண்டியை விட ஜொஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கத்து மேட்டுநில வண்டி பல மடங்கு மேல். லெனேசியாவில், லாடியத்தில் உறவினர் இருந்தால் அவர்களிடம் சொல்லிவையுங்கள். ஆனால் நம்பர் பிளேட்டில் கௌட்டெங் மாகாணத்தைக் குறிக்கும் ஜி.பி. என்று இருப்பதால் மட்டும் வண்டி மேட்டுநிலத்திலேயே வாழ்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். பழைய சர்வீஸ் முத்திரைகள் எந்த ஊர்க் கடையுடையவை என்று பாருங்கள்.

துரு எங்கே தொடங்கும்? கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியின் இரு முனைகள், ஜாக் வைக்கும் நான்கு இடங்கள், பின் சக்கர வளைவின் உள்விளிம்பு, சன்ரூஃபின் ஓரம், பின் நம்பர் பிளேட் விளக்கைச் சுற்றி, முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டு. இவற்றில் கடைசி இடம்தான் மிகவும் ஆபத்தானது. அங்கே ஓட்டை விழுந்தால் மழைத்தண்ணீர் நேராக உள்ளே இறங்கி, காலடிக் கார்ப்பெட்டுக்குள் தேங்கி, தரைத்தகட்டை அடியிலிருந்து தின்னும். கார்ப்பெட்டைத் தூக்கி விரலால் தொட்டுப் பாருங்கள். டிக்கியைத் திறந்து பாட்டரி உட்காரும் தட்டையும் பாருங்கள், அமிலம் கசிந்து அரித்திருக்கும். பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவியை ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். ஆலைப் பெயிண்ட் ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் காட்டும். 300-க்கு மேல் போனால் மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஆயிரத்தைத் தொட்டால் அடியில் பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் பூச்சு இருக்கிறது. புதுப் பெயிண்ட் பளபளக்கும் வண்டியைக் கண்டால் சந்தோஷப்படாதீர்கள். தகட்டைத் தட்டிச் சரி செய்யும் பேனல்பீட்டர் வேலை செய்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். படம் இல்லையென்றால் அந்தப் பெயிண்டுக்கு என்று கூடுதல் விலை தராதீர்கள்.

எஞ்சினுக்கு வருவோம். நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது மெல்லிய டிக்-டிக் சத்தம் கேட்கும். வால்வு இடைவெளியை முறையாகச் சரி செய்தால் அது குறையும். குளிர்ந்த நிலையில் அந்த இடைவெளி 0.25 மில்லிமீட்டர். சரி செய்த பிறகும் ஒரே இடத்திலிருந்து கனமான தட்டல் வந்தால் ராக்கரோ கேம் ஷாஃப்ட்டோ தேய்ந்திருக்கிறது.

எம்20 எஞ்சினுக்கு எமன் இரண்டு. ஒன்று டைமிங் பெல்ட். அது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி வளைத்துவிடும். நான்கு வருடம் அல்லது 80,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அப்போது பெல்ட்டையும் டென்ஷனரையும் வாட்டர் பம்பையும் ஒன்றாக மாற்றிவிட வேண்டும். விற்பவர் மாற்றியாகிவிட்டது என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள், ரசீதைக் காட்டட்டும். இரண்டாவது சூடேறுதல். ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பும்போது தெர்மோஸ்டாட் உறை மேல் உள்ள சிறு திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். அது தெரியாதவர் கையில் அகப்பட்ட வண்டியில் காற்று அடைத்து, தண்ணீர் சுற்றாமல், சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டிருக்கும். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம், எண்ணெயில் பால் நிறம், காரணமில்லாமல் குறையும் தண்ணீர் ஆகியவை அதன் அடையாளங்கள். சந்தேகம் இருந்தால் கூலன்ட் தொட்டியில் புகை கலக்கிறதா என்று பார்க்கும் நீல திரவச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். திரவம் மஞ்சளாக மாறினால் ஹெட்டையோ கேஸ்கெட்டையோ திறந்துதான் ஆக வேண்டும்.

ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை கட்டாயம். எஞ்சின் சூடாக, ஆறு பிளக்கும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தியபடி எடுக்க வேண்டும். ஜொஹன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்று அடர்த்தி குறைவு. அதனால் டர்பனில் காட்டும் அளவை விட அங்கே அளவு குறைவாகவே வரும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆறு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. ஓட்டிப் பார்க்கும்போதும் இதே நியாயம்தான். டர்போ இல்லாத எஞ்சின் அந்த உயரத்தில் தன் சக்தியில் ஆறில் ஒரு பங்கை இழக்கிறது. அங்கே சற்று மந்தமாகத் தெரிந்த வண்டி கடற்கரைக்கு இறங்கியதும் உயிர் பெறும். ஆனால் மேலே 93 ஆக்டேன் பெட்ரோலில் ஓடிய வண்டிக்குக் கீழே 95 தான் ஊற்ற வேண்டும், இல்லையேல் எஞ்சின் நாக் அடிக்கும், அதாவது உள்ளே தட்டல் சத்தம் எழும்.

கிலோமீட்டர் மீட்டரை நம்பாதீர்கள். ஈ30-இன் மீட்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரம் உதிர்ந்து, வேகமுள் வேலை செய்யும்போதே ஓடோமீட்டர் நின்றுபோகும். வருடக்கணக்கில் அப்படியே ஓட்டியிருப்பார்கள். வெப்பமுள்ளும் ஆர்.பி.எம். முள்ளும் தாறுமாறாக ஆடினால், மீட்டர் பலகைக்குள் இருக்கும் சிறு பாட்டரிகள் கசிந்து பலகையைக் கெடுத்திருக்கின்றன. அதைப் பழுதுபார்க்கலாம், விலையைக் குறைக்கவும் அது உதவும்.

இந்த வண்டியின் தம்பி, சாதாரண 325, டவுன்ஷிப்புகளில் குஷேஷே என்ற செல்லப்பெயரோடு, வண்டியை வட்டமாகச் சுழற்றிக் காட்டும் ஸ்பின்னிங் மைதானங்களின் ராஜாவாக இருக்கிறது. அந்த விளையாட்டின் திறமைக்குத் தலைவணங்கலாம், ஆனால் அப்படிச் சுழற்றிய வண்டியை வாங்க வேண்டாம். பின் சக்கரம் இரண்டையும் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒன்றைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பகிரும் டிஃப் சாதாரணமானது. அதே திசையில் சுற்றினால் லிமிடெட் ஸ்லிப். இரண்டும் ஒரே கட்டையாகச் சேர்ந்து சுற்றி, மெதுவாகத் திரும்பும்போது டயர் தரையில் தேய்ந்து கதறினால், டிஃப்பை வெல்டு செய்திருக்கிறார்கள். பின் சப்ஃபிரேம் புஷ்களும் டிஃப்பைத் தாங்கும் இடமும் கிழிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

யாரிடம் வாங்குகிறீர்கள் என்பது சட்டத்தில் பெரிய வித்தியாசம். டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் உங்கள் பக்கம் நிற்கும். தனியாரிடம் வாங்கினால் ஃபூட்ஸ்டூட்ஸ், அதாவது இருக்கிறபடியே. விற்பவருக்குத் தெரிந்தே மறைத்த குறை என்று நிரூபித்தால்தான் பிறகு கேட்க முடியும். எனவே அவர் சொல்லும் ஒவ்வொன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். விபத்து உண்டா, துரு வேலை நடந்ததா, எஞ்சின் மாற்றியதா என்று நேராகவே கேளுங்கள். பார்க்காத வண்டிக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். ரொக்கத்தைப் பையில் எடுத்துக்கொண்டும் போகாதீர்கள். வங்கிக் கிளைக்குள் உட்கார்ந்து பணத்தை மாற்றி, அது சேர்ந்ததை இருவரும் பார்த்த பிறகு சாவியை வாங்குங்கள். விற்பவர் உரிமை மாற்ற அறிவிப்பில் கையெழுத்திட வேண்டும், நீங்கள் 21 நாட்களுக்குள் உங்கள் பெயரில் பதிய வேண்டும். வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று சொல்லும் ரோட்வொர்த்தி சான்றிதழ் 60 நாட்களுக்குத்தான் செல்லும். அதை விற்பவருக்குத் தெரிந்த இடத்தில் எடுக்காமல், நீங்கள் தேர்ந்த சோதனை நிலையத்தில் எடுங்கள்.

பெல்ட் ரசீது இல்லாத வண்டியை ஜொஹன்னஸ்பர்க்கிலிருந்து ஓட்டிக்கொண்டு வராதீர்கள், டிரக்கில் ஏற்றி அனுப்புங்கள். ரசீது இருந்தாலும் புறப்படும் முன் டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். ஆறு வருடம் தாண்டிய டயரை, பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், மாற்றிவிடுங்கள். பிரேக் எண்ணெயையும் புதிதாக ஊற்றுங்கள். பழைய எண்ணெய் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். வான் ரீனன் கணவாயிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மேலே டவுன் ஹில் இறக்கத்திலும் லாரிகளுக்குப் பின்னால் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கும்போது அது கொதித்து, பெடல் தரைவரை போய்விடும். மூன்றாவது கியரில் இறங்குங்கள்.

இன்சூரன்ஸைச் சாவி வாங்கும் முன்பே பேசி முடியுங்கள். சந்தை விலை என்று எழுதினால் திருடுபோன நாளில் உங்களுக்குக் கிடைப்பது பழைய 3 சீரீஸ் விலைதான். மதிப்பீட்டாளர் அறிக்கையோடு, ஒப்புக்கொண்ட விலை என்று எழுதச் சொல்லுங்கள். டிராக்கரும் கியர் லாக்கும் இன்சூரன்ஸ்காரர்கள் கேட்காவிட்டாலும் போடுங்கள். வாங்கும் விலைக்கு மேல் நான்கில் ஒரு பங்கைத் தனியாக வையுங்கள். கோவிலில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை முடித்த மறுநாளே அந்தப் பணம் வேலைக்கு வரும். எண்ணெய், ஃபில்டர், பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ்கள், பெட்ரோல் குழாய்கள் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே மாற்றுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் வால்வு இடைவெளியைக் குளிர்ந்த எஞ்சினில் மறுபடி அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.