பெரியப்பாவும் மூன்று தலையணையும்: நுரையீரலில் நீர் ஏன் கோக்கிறது?

வணக்கம் மக்களே. கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுவேன், பக்கத்து அறையில் பெரியப்பா தூங்குகிறார். இன்றைய வீடியோவே அவரால்தான்.

இரண்டு மாதமாகப் படுத்தால் இருமல். முதலில் ஒரு தலையணை, அப்புறம் இரண்டு, மூன்று, கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்துவிட்டார். நாங்களும் சளி என்று நினைத்து இருமல் டானிக்கை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் பள்ளமாகவே இருக்கும், அதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. எக்ஸ்ரே பார்த்துவிட்டுத்தான் ‘நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது’ என்றார்கள்.

சரி, எங்கே நீர்? இரண்டு வேறு விஷயங்களுக்கு நாம் இதே பேச்சைத்தான் பேசுகிறோம். நுரையீரலுக்கு உள்ளே, காற்று நிரம்ப வேண்டிய குட்டிக் குட்டி அறைகளிலேயே நீர் இறங்குவது ஒன்று. நுரையீரலைச் சுற்றியிருக்கும் இரட்டை உறைக்கு நடுவில் தேங்குவது இன்னொன்று. அந்த இடுக்கில் எல்லாருக்குமே சில மில்லி நீர் உண்டு, மூச்சு விடும்போது உரசாமல் வழுக்கிக்கொண்டு போவதற்காக. அது அளவுக்கு மீறிச் சேர்ந்தால்தான் வில்லங்கம். முதுகில் ஊசி குத்தி எடுக்கிறார்களே, அது இந்த நீர்தான். அறைக்குள் இறங்கியதை ஊசியால் எடுக்க முடியாது.

பெரியப்பாவுக்கு உள்ளே. இதயத்தின் இடது பக்கம் தளர்ந்துபோய், நுரையீரலிலிருந்து வரும் ரத்தத்தை வாங்கி முன்னால் தள்ள முடியாமல், பின்னால் அழுத்தம் ஏறி, ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்திருக்கிறது. படுத்தால் காலில் கிடந்த நீரும் மேலே வரும், அதனால்தான் அந்தத் தலையணைக் கதை. சிறுநீரகம் கெட்டாலும் இப்படி ஆகும். நல்ல இதயம் இருப்பவர்கள்கூட, சுமார் 3500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே மாதிரி ஊரில் விமானத்தில் போய் இறங்கி அன்றைக்கே மேலே ஏறித் திரிந்தால் மாட்டிக்கொள்ளலாம்.

உறைக்கு நடுவில் என்றால், நம் நாட்டில் சீக்கிரம் சந்தேகப்படுவது காசநோயைத்தான். நிமோனியா, புற்றுநோய், கல்லீரல் சுருக்கம், இதயமும்கூடக் காரணமாகலாம். எடுத்த நீரில் இருக்கும் புரதம் ரத்தப் புரதத்தில் பாதிக்கு மேல் போனால் பெரும்பாலும் கிருமியோ கட்டியோ என்று தேடுவார்கள். 1972இல் வந்த கணக்கு, இன்றும் அதுதான் ஓடுகிறது.

இப்போது நீர் பிரிய மாத்திரை, தினமும் காலையில் எடை பார்த்து நோட்டில் குறிப்பு. நேற்று இரவு இரண்டே தலையணை. ஊறுகாய் ஜாடியை மட்டும் பெரியம்மா பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார், அதற்குத்தான் காலையிலிருந்து சண்டை.