ஒழுகினசேரியிலிருந்து ஒரு ‘ஆமா’: கலைவாணர் சிரிக்க வைத்த விதம்

[காட்சி: நாகர்கோவில் மணிமேடை சந்திப்பு. பஸ் இரைச்சல். கலைவாணர் சிலை.]

தமிழ் சினிமாவின் சிரிப்பு நடிகர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். ‘என்’ என்பது நாகர்கோவில். ‘எஸ்’ என்பது அப்பா சுடலைமுத்து. அம்மாவின் பெயர் இசக்கியம்மாள்.

சுடலை, இசக்கி என்றதும் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டும் எங்கள் பக்கத்துச் சாமிகளின் பெயர்கள். எங்கள் பக்கத்தில் கோயில் கொடை, அதாவது கோயில் திருவிழா, வில்லுப்பாட்டு இல்லாமல் நடக்காது. சுடலைமாடன் கதையும் இசக்கியம்மன் கதையும் அங்கே விடிய விடியப் பாடப்படுபவை. 1908 நவம்பர் 29ஆம் தேதி ஒழுகினசேரியில் பிறந்த அந்தப் பிள்ளைக்கு, தாய் தகப்பன் பெயரிலேயே இரண்டு இரவுக்கு வேண்டிய கதை இருந்தது.

[காட்சி: வில்லின் மணிகள், மிக அருகில். வீசுகோல் நாணில் விழுகிறது.]

இந்த வில்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் புலவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் இரண்டு வீசுகோல்கள். ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் வில்லில் கட்டிய மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் சிலிர்த்துக்கொள்ளும். குடக்காரர் குடத்தின் வாயில் மட்டையால் அடிப்பார். உடுக்கையும் தாளமும் கூடவே வரும்.

நான் பார்க்கச் சொல்வது இவர்களையெல்லாம் அல்ல. புலவருக்குப் பக்கத்தில் இருக்கும் ‘ஆமா’ போடுகிற ஆளை.

புலவர் ஒரு வரி சொல்வார். இவர் ‘ஆமா’ என்பார். அடுத்த வரிக்கும் ‘ஆமா’. திடீரென்று ஒரு இடத்தில், “அது எப்படி?” என்று மறித்துக் கேட்பார். கதை அந்த இடத்தில் நிற்கும். சாமி கதையை விட்டுவிட்டுப் புலவர் ஊர்க்கதைக்கு வருவார், பந்தல் முழுவதும் சிரிக்கும், பிறகு ஒன்றுமே நடக்காதது போலச் சாமி கதை தொடரும். நள்ளிரவில் கூட்டம் தூங்கிவிடாமல் இருப்பது பெரும்பாலும் இந்த மறிப்பால்தான்.

கலைவாணர் வில்லுப்பாட்டில் தொடங்கியவர் என்பதை அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. அவருடைய சினிமா முழுவதிலும் இந்த மறிப்பு இருக்கிறது என்பது என் எண்ணம்.

[காட்சி: பழைய நாடகக் கொட்டகையின் கோட்டோவியம்.]

வீட்டில் வறுமை. நாடகக் கொட்டகையில் சோடா விற்ற சிறுவன், டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து மேடை ஏறினான். 1935இல் அந்தக் குழு நடித்த ‘மேனகா’ படமாக வந்தது. அடுத்த ஆண்டு ‘சதி லீலாவதி’. எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றிய படம் அது.

அதே 1936இல் ‘வசந்தசேனா’. படப்பிடிப்பு புனேயில். அங்கேதான் டி.ஏ.மதுரத்தைச் சந்தித்தார், மணந்துகொண்டார். அவருக்கு வாய்த்த ‘ஆமா’ மதுரம்தான். சும்மா தலையாட்டுகிற ‘ஆமா’ இல்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு “அது எப்படி?” என்று கேட்கிற ரகம். பாட்டொன்றில் இவர் விஞ்ஞானத்தை வளர்க்கக் கிளம்புவார். பொத்தானை அமுக்கினால் இட்டிலியும் காப்பியும் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்று அளப்பார். அப்போது மதுரத்தின் முகத்தைப் பாருங்கள். பாதிச் சிரிப்பு அங்கேதான் இருக்கிறது.

[காட்சி: ஸ்டூடியோ தளம். விளக்குகள், தண்டவாளத்தில் கேமரா.]

இனி ஸ்டூடியோக்களுக்கு வருவோம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், சென்னையில் ஜெமினி என்று முதலாளிகள் ஆண்ட காலம் அது. என்.எஸ்.கே. அங்கே தன் ஆட்களோடு, தன் பகுதிக்கான கதையோடு போனார். ஒரு பக்கம் ராஜா ராணி கதை நடக்கும்; இன்னொரு பக்கம் இவரும் மதுரமும் தனிக்கதை ஒன்றை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பெரிய கதைக்கும் அதற்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. இன்றைய விமர்சகருக்கு அது குறையாகத் தெரியலாம். கொடைப் பந்தலில் உட்கார்ந்து பழகியவனுக்கு அது புலவர் ஊர்க்கதைக்கு வருகிற நேரம்.

இதற்குச் சரியான சாட்சி ‘சந்திரலேகா’. ஜெமினி முதலாளி எஸ்.எஸ்.வாசன் 1943இல் தொடங்கிய படம் 1948இல்தான் வெளியானது. முதலில் போட்ட கணக்கில் இந்த ஜோடி இல்லை. என்.எஸ்.கே. சிறையிலிருந்து வந்ததும், அவர்களுக்காகவே காட்சிகளை எழுதிச் சேர்த்தார்கள்.

சிறையா என்று கேட்பீர்கள்.

[காட்சி: கருப்புத் திரை. எழுத்துகள் மட்டும்.]

1944 நவம்பரில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் குத்திக் கொல்லப்பட்டார். அந்தக் கொலை வழக்கில் டிசம்பரில் கதாநாயக நடிகர் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கே.யும் கைது. 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. அன்றைக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள். வழக்குக்குப் பணம் வேண்டும் என்பதற்காக மதுரமும் எஸ்.வி.சகஸ்ரநாமமும் ‘பைத்தியக்காரன்’ படத்தை எடுத்தார்கள். அதில் மதுரத்துக்கு இரட்டை வேடம். கணவர் வெளியே வந்ததும் அவருக்கும் அதில் இடம் ஒதுக்கினார்கள்.

பாகவதருக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. இவருக்குக் கிடைத்தது. கதாநாயகனை மக்கள் ஒரு கனவில் வைத்திருந்தார்கள், சிறை அதைக் கலைத்துவிட்டது. இவரை யாரும் அப்படி வைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரனாகத்தான் வைத்திருந்தார்கள். இது என் ஊகம்தான், வேறு காரணம் இருந்தால் கீழே எழுதுங்கள்.

[காட்சி: காலட்சேப மேடை. சிப்லாக்கட்டை.]

திரும்பி வந்தவரின் பேச்சில் கூர்மை ஏறியிருந்தது. அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’ 1949இல் வந்தது. அதில் வருகிற ‘கிந்தனார்’ காலட்சேபத்தை, பாட்டும் பேச்சுமாகக் கதை சொல்கிற அந்தப் பகுதியை, மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். நந்தனார் கதையின் அச்சு அப்படியே இருக்கும், காலட்சேபம் செய்கிறவரின் இழுப்பும் குழைவும்கூட. நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். கிந்தன் பள்ளிக்கூடம் போக ஏங்குகிறான். பக்திக்குத் தலையாட்டியே பழகிய சபை, அதே தாளத்தில் சாதியைக் கேள்வி கேட்பதற்கும் தலையாட்டிவிடுகிறது. தலை ஆடி முடிந்த பிறகுதான் எதற்கு ஆட்டினோம் என்று தெரியும்.

‘மணமகள்’, ‘பணம்’ ஆகிய படங்களை இயக்கினார். இரண்டுக்கும் கலைஞரின் எழுத்து. ‘பணம்’ சிவாஜி நடித்த தொடக்ககாலப் படங்களில் ஒன்று.

ஆனாலும் வில்லை அவர் விடவில்லை. காந்தி கதையை வில்லுப்பாட்டாக மேடைகளில் பாடினார். சுப்பு ஆறுமுகம் என்ற இளைஞரைச் சென்னைக்கு அழைத்து வந்தவரும் அவரே. பின்னாளில் தமிழ்நாடு முழுவதும் வில்லுப்பாட்டு என்றதும் நினைவுக்கு வந்த பெயர் அது. நாகர்கோவிலில் காந்திக்குச் சொந்தச் செலவில் நினைவுத் தூண் எழுப்பியதும் கலைவாணர்தான்.

[காட்சி: ஒழுகினசேரி. மனைவி பெயரில் அவர் கட்டிய ‘மதுரபவனம்’ வீடு. பிறகு பழையாற்றுப் பாலம்.]

ஒரு தேதிக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறேன். அவர் பிறந்தபோது இந்த ஊர் திருவிதாங்கூர் மகாராஜாவுடையது. தமிழ்நாடு முழுக்க அவர் பேச்சைக் கேட்டுச் சிரித்த காலத்திலும் ஒழுகினசேரி எல்லைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1. கலைவாணர் மறைந்தது 1957 ஆகஸ்ட் 30. பத்து மாதத்துக்கு இரண்டு நாள் குறைவு.

[காட்சி: திரை இருள்கிறது. வீசுகோலின் ஒற்றைத் தட்டு. மணிகள் அடங்கும் வரை ஒலி மட்டும்.]