யானைக்கும் அடி சறுக்கும்

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் குறிப்புகளில் பாதியைச் செலவழித்துவிட்ட முனைவர் அவர்களே, ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டும் செயலாளர் அவர்களே, இடம் கிடைக்காமல் நிற்கும் மாணவர்களே, வணக்கம்.

பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாய்ந்த கதையில் மூன்று செய்திகள்: எப்படிக் கண்டார்கள், எப்படிப் பாய்கிறது, எதற்கு உதவுகிறது.

1967. டோக்கியோ தொழில்நுட்பக் கழகம். வேதியியலாளர் ஹிதெகி ஷிராகாவா பணியாற்றிய ஆய்வகத்தில், விருந்தினராக வந்த ஓர் ஆய்வாளர் பாலிஅசிட்டிலீன் என்ற பிளாஸ்டிக்கைத் தயாரிக்கிறார். கரும்பொடி வர வேண்டும். வினையை வேகப்படுத்தும் வினையூக்கியை ஆயிரம் மடங்கு கூடுதலாகப் போட்டுவிட்டார். ஒன்றிரண்டு மடங்கல்ல ஐயா, ஆயிரம்! பொடி வரவில்லை, கரைசலின் மேல் வெள்ளிபோல் மினுங்கும் ஏடு படிந்தது. நாமாக இருந்தால் குடுவையைக் கழுவி வைத்துவிட்டு யாரிடமும் மூச்சுவிட மாட்டோம். ஷிராகாவா அது ஏன் என்று தேடினார். யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கிய இடத்தைக் குனிந்து பார்த்தவர் அவர்.

1975இல் டோக்கியோ வந்த வேதியியலாளர் ஆலன் மக்டயர்மிட் அந்த ஏட்டைப் பார்த்து ஷிராகாவாவை அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார். அங்கே இயற்பியலாளர் ஆலன் ஹீகரும் சேர்ந்தார். அயோடின் ஆவியில் ஏட்டைக் காட்டினார்கள்; மின்கடத்தும் திறன் கோடி மடங்கு ஏறியது. 1977இல் வெளியிட்டார்கள். 2000இல் மூவருக்கும் வேதியியல் நோபல்.

சரி, எப்படிப் பாய்கிறது? இந்த அரங்கையே பாருங்கள். எல்லா நாற்காலியும் நிரம்பியிருக்கிறது, யாரும் நகர முடியாது. முன்வரிசையில் ஒருவரை எழுப்பிவிட்டால், பின்னாலிருப்பவர் அங்கே தாவுவார், அவர் இடத்துக்கு அடுத்தவர். காலியிடமே நடப்பதுபோல் தெரியும். அயோடின் செய்வது அதுதான்: ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும் பாலிஅசிட்டிலீனின் கார்பன் சங்கிலியிலிருந்து சில எலக்ட்ரான்களை எழுப்பிவிடுகிறது. தலைவர் எழ வேண்டாம், உவமைதான்!

இப்போது சொல்லுங்கள். நம் மாணவரின் செய்முறைத் தேர்வில் கரும்பொடிக்குப் பதில் வெள்ளி ஏடு வந்தால் என்ன மதிப்பெண்? சுழியம். அதனால்தான் பக்கத்து மாணவரின் அளவுகளைப் பார்த்து எழுதுகிறார்கள். தவறிய சோதனையை உள்ளபடி எழுதி, காரணம் தேடினால் மதிப்பெண் கொடுங்கள் என்று பல ஆண்டாகக் கேட்கிறேன். யானைக்கே சறுக்கும்போது பதினாறு வயதுக்குச் சறுக்கக் கூடாதா?

மூன்றாவது செய்தி, பயன்கள்: நிலைமின்னூட்டம் சேராத புகைப்படச் சுருள், மின்தேக்கி, அப்புறம்... நேரம் முடிந்தது என்று துண்டுச்சீட்டு வந்துவிட்டது. தவறிய சோதனைக்கும் மதிப்பெண் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.