ஓட்டல் சூப்பின் ருசி வீட்டில் ஏன் வருவதில்லை?

அடுத்த கேள்விக்கு வருவோம். "வெளியில் சாப்பிடப் போனால் முதலில் சூப்தான் சொல்வேன். அதையே வீட்டில் செய்தால் நீர்த்துப்போய் இருக்கிறது. சோள மாவைக் கூட்டினால் பசையாகிவிடுகிறது. எங்கே தவறுகிறது?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

மாவை முதலில் தள்ளி வையுங்கள். உங்கள் சூப்பில் குறைவது கெட்டித்தன்மை அல்ல, சாரம். நல்ல ஓட்டலின் சமையலறையில், நீங்கள் சூப் கேட்ட பிறகு வேலை தொடங்குவதில்லை. காய்கறியையோ எலும்பையோ நிதானமாகக் கொதிக்கவைத்து வடித்த சாறு முன்னதாகவே தயாராக இருக்கும். ஸ்டாக் என்கிறார்களே, அதுதான். நாமோ வெறும் தண்ணீரில் காயைப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்துவிட்டு அந்த ருசியை எதிர்பார்க்கிறோம். பத்து நிமிடத்தில் காய் வெந்துவிடும், ஆனால் தண்ணீரில் சாரம் இறங்கியிருக்காது.

இதற்காகத் தனியாகக் காய் வாங்க வேண்டாம். கேரட் முனை, வெங்காயத் துண்டு, காளான் தண்டு எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, மூழ்கும் அளவு தண்ணீரில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் மெல்லிய தீயில் வைத்தாலே போதும். முட்டைகோஸ், காலிபிளவர் மட்டும் வேண்டாம்; நெடுநேரம் கொதித்தால் கந்தக வாடை வந்துவிடும். கோழி எலும்பு என்றால் மூன்று, நான்கு மணி நேரமாவது ஆகும். எலும்பை ஒட்டிய சவ்விலிருக்கும் கொலாஜன் என்ற புரதம் மெதுவாகக் கரைந்து ஜெலட்டினாக மாற வேண்டும். அதனால்தான் நல்ல எலும்புச் சாறு குளிர்ந்ததும் ஜெல்லி மாதிரி உறைகிறது, நாக்கிலும் கனமாகப் படிகிறது. மாவு இல்லாமலே வரும் கனம் இது. தீயைக் கூட்டித் தளதளவென்று கொதிக்கவிடாதீர்கள். கொழுப்பு கலந்து சாறு கலங்கிவிடும்.

இரண்டாவது, வதக்குவது. இதைத்தான் நிறையப் பேர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். வெங்காயம் பொன்னிறமாகும்போது எழுகிற வாசனைக்கு ஏறத்தாழ 140 டிகிரி சூடு வேண்டும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே தண்ணீர் ஊற்றிய பிறகு எவ்வளவு நேரம் கொதித்தாலும் அந்த வாசனை வராது. ஊற்றுவதற்கு முன்பே வதக்கிவிட வேண்டும். தக்காளியும் காளானும் இருந்தால் இன்னும் நல்லது. ருசியைக் கூட்டும் குளுட்டமேட் என்ற பொருள் அவற்றில் இயல்பாகவே உண்டு. கடற்பாசிச் சாற்றின் ருசிக்கு அதுதான் காரணம் என்று 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா கண்டறிந்தார். சில ஓட்டல்கள் அதையே தூளாகச் சேர்க்கின்றன.

இவ்வளவும் செய்த பிறகு மாவு தேவையென்றால், நான்கு கப் சூப்புக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். குளிர்ந்த நீரில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். மாவை அப்படியே சூடான சூப்பில் தூவினால் வெளிப்பக்கம் உடனே வெந்து உள்ளே உலர்ந்த மாவு சிக்கிக்கொள்ளும். கட்டி விழுவது இதனால்தான். ஊற்றிய பின் ஒரு நிமிடம் கொதித்தால் பச்சை வாடை போய்விடும். ஆறும்போது இன்னும் இறுகும், அதனால் அடுப்பில் இருக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும். மாவு கூடக் கூட ருசி மங்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். கொதிக்கக் கொதிக்கச் சாறு வற்றும் என்பதால் உப்பைக் கடைசியில் சரிபார்த்துப் போடுங்கள். ஏதோ குறைகிறதே என்று தோன்றினால், மறுபடி உப்பை எடுப்பதற்கு முன் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். பல சமயம் அதுவே போதுமானதாக இருக்கும்.

உடம்பு முடியாத நாளில் இவ்வளவு வேலை யார் செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஓய்வாக இருக்கும் நாளில் சாறு எடுத்து, சீக்கிரம் ஆறவைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிடுங்கள். உடம்பு முடியாத அன்றைக்கு நாலைந்து கட்டியை எடுத்து நன்றாகக் கொதிக்கவிட்டு, உப்பும் மிளகும் போட்டால் சூப் தயார்.