பிரான்ஸில் மீன் சாப்பிடப் போகிறீர்களா? "இன்றைக்கு இல்லை" என்று சொல்லும் ரெஸ்டாரன்டைத் தேடுங்கள்!

(திரையில்: மார்செய் பழைய துறைமுகம், படகுகள், வரிசையாக ரெஸ்டாரன்ட்கள்)

பிரான்ஸின் தென்கரையில் மார்செய் நகரம். பழைய துறைமுகத்தைச் சுற்றி, தண்ணீரைப் பார்த்தபடி நாற்காலி போட்ட ரெஸ்டாரன்ட்கள். ஒரு வாசலில் பெரிய போர்டு, அதில் கலர் போட்டோ, ஐந்து மொழியில் மெனு, "பூயாபேஸ் 20 யூரோ, உடனே கிடைக்கும்". பூயாபேஸ் என்றால் மார்செய் ஊரின் மீன் சூப். பக்கத்திலேயே ஒருவர் நின்றுகொண்டு கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுகிறார். உட்காராதீர்கள்! அந்த 20 யூரோ தட்டில் என்னவெல்லாம் இருக்காது என்று தெரிந்துகொண்டால், பிரான்ஸின் எந்தக் கடற்கரை ஊரிலும் நல்ல கடையை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

வணக்கம் மக்களே. பாதி வீடியோவில் எழுந்து போகிறவர்களுக்காக முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரான்ஸில் நல்ல மீன் ரெஸ்டாரன்ட் எது? நீங்கள் கேட்ட ஐட்டத்தை "இன்றைக்கு இல்லை" என்று தயங்காமல் சொல்கிற ரெஸ்டாரன்ட். நட்சத்திரம், ரிவ்யூ, கடல் தெரிகிற ஜன்னல் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பின்னணி ஒரே மூச்சில்: வடக்கே ஆங்கிலக் கால்வாய், மேற்கே அட்லாண்டிக், தெற்கே மத்தியதரைக் கடல், மூன்றிலும் மீன் வேறு, பருவம் வேறு. பூகோளம் முடிந்தது, சாப்பாட்டுக்கு வருவோம்.

(திரையில்: முழு மீன்கள் அடுக்கிய தட்டு)

பூயாபேஸ். மார்செய் மீனவர்கள் விலைபோகிற மீனை விற்றுவிட்டு, முள்ளும் தலையுமாக யாரும் வாங்காமல் மிஞ்சிய பாறை மீன்களைக் கொதிக்கவைத்துச் சாப்பிட்டதில் இருந்து வந்த சாப்பாடு. ஏழை வீட்டுச் சாப்பாடாக இருந்தது. இன்று அதே பாறை மீன்கள்தான் விலையில் உச்சியில் நிற்கின்றன. ஊருக்கு வருகிறவர்களுக்கு எதையோ மஞ்சளாக ஊற்றிக்கொடுத்து பூயாபேஸ் என்று பில் போடும் கடைகள் பெருகியபோது, 1980-இல் மார்செய் ரெஸ்டாரன்ட்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு சாசனமே எழுதினார்கள். ஒரு மீன் சூப்புக்குச் சாசனம்! தன் ஊர்ச் சாப்பாட்டின் மேல் இவ்வளவு ரோஷம் இருக்கிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்தச் சாசனம் மீன்களைப் பேர் சொல்லியே பட்டியல் போடுகிறது. முதலில் ராஸ்காஸ். பாறையோடு பாறையாகக் கிடக்கும், முதுகு முள்ளில் விஷம். இது இல்லாமல் பூயாபேஸே இல்லை என்பார்கள். வீவ், மணலுக்குள் புதைந்து கிடக்கிற மீன், இதற்கும் விஷ முள். கலினெட், சிவப்பு உடம்பு, விரித்தால் அகலமான பக்கத் துடுப்பு. சான் பியேர், விலாவில் கறுப்பாக ஒரு பொட்டு இருக்கும், இயேசுவின் சீடர் பேதுரு கட்டைவிரலால் பிடித்த தடம் என்று கதை சொல்வார்கள். போத்ருவா, உடம்பைவிடத் தலை பெரிது, வாயெல்லாம் பல், பார்த்தால் குழந்தைகள் அழும், ஆனால் சதை வெள்ளையாக, கெட்டியாக, முள் தொந்தரவே இல்லாமல் இருக்கும். அப்புறம் கடல் விலாங்கு. இப்படிப் போகிற பட்டியலில் குறைந்தது நான்கு வகை இருந்தாக வேண்டும். விரும்பினால் சிங்கி இறால் சேர்த்துக்கொள்ளலாம். சால்மன் மீன் இந்தப் பட்டியலில் இல்லை, மட்டி இல்லை, ஃப்ரீசரில் இருந்து எடுத்த சாதா இறாலும் இல்லை.

சாறு தனிக் கதை. விரல் நீளப் பாறை மீன்களை வெங்காயம், பூண்டு, தக்காளி, பெருஞ்சீரகத் தண்டு, ஆலிவ் எண்ணெய், குங்குமப்பூவோடு கொதிக்கவிட்டு, முள்ளும் தலையுமாக நசுக்கி வடிகட்டி எடுப்பார்கள். பெரிய மீன்கள் அப்புறம் அந்தச் சாற்றில்தான் வேகும். கூடவே வறுத்த ரொட்டித் துண்டுகள், தேய்த்துக்கொள்ளப் பூண்டு, மேலே தடவ ரூயி என்கிற சாந்து: பூண்டும் மிளகாயும் குங்குமப்பூவும் ஆலிவ் எண்ணெயும் சேர்ந்தது. ஐரோப்பாச் சாப்பாட்டில் காரமே இல்லை என்று குறைப்படுகிறவர்கள் ரூயியைக் கொஞ்சம் தாராளமாகவே தடவிக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்தச் சாசனத்திலேயே மிகவும் பிடித்த விதி இது: மீனும் சாறும் தனித்தனித் தட்டில் வர வேண்டும், மீனைச் சாப்பிடுகிறவர் கண் முன்னால் வெட்ட வேண்டும். முழு மீனாகத் தட்டில் அடுக்கி மேசைக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டு, அப்புறம்தான் கத்தி வைப்பார்கள். ஏன் இது பெரிய விஷயம் என்றால், தோல் உரித்துத் துண்டு போட்ட மீனுக்கு முகம் கிடையாது, அது எந்த மீன் என்று நீங்களும் நானும் சொல்ல முடியாது. தலையோடு வந்தால் ராஸ்காஸா இல்லையா என்பது தெரியும், சமைக்கும் முன்னால் காட்டினால் கண் தெளிந்து துருத்திக்கொண்டு இருக்கிறதா, மங்கி உள்ளே போய்விட்டதா என்பதும் தெரியும். சமைப்பதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, முழு மீனைக் காட்டத் தயங்குகிற இடத்தில் பூயாபேஸ் சொல்லாதீர்கள்.

இப்போது அந்த 20 யூரோவுக்கு வருவோம். பேர்போன இடங்களில் ஒரு ஆளுக்கு 60 யூரோவைத் தாண்டும். பல இடங்களில் ஒரு நாள் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும், சில இடங்களில் இரண்டு பேராவது இருந்தால்தான் செய்வார்கள். அத்தனை வகை மீனும் ஒரே காலையில் கிடைக்க வேண்டும், மிஸ்ட்ரல் காற்று பலமாக அடித்தால் சின்னப் படகுகள் கடலுக்கே போகாது, அப்புறம் மீனுக்கு எங்கே போவது? அதனால் "நாளைக்கு வாருங்கள்", "இன்றைக்குக் காற்று, இல்லை" என்கிற கடை உங்களை அவமதிக்கவில்லை, நல்ல சாப்பாடு போடப் பார்க்கிறது. பாதி விலையையும் விடக் குறைவாக, முன்கூட்டிச் சொல்லாமல், பத்து நிமிடத்தில் வருகிற தட்டுக்கு அந்த மீன்களை வாங்கவே கட்டுப்படியாகாது. நகரத்துக்குள்ளேயே வலோன் தே சோஃப் என்று ஒரு குட்டி மீனவர் துறை இருக்கிறது, கரையோரச் சாலைப் பாலத்தின் கீழே இறங்கிப் போக வேண்டும். அங்கே இருக்கிற சே ஃபோன்ஃபோன் பூயாபேஸுக்குப் பேர் வாங்கிய கடை. அவ்வளவு பணம் வேண்டாம் என்றால் கவலையே படாதீர்கள், சூப் த புவாசோன் கேளுங்கள். பாறை மீன் சாறு, ரொட்டி, ரூயி, மேலே துருவிய சீஸ் எல்லாம் வரும், விலை பல மடங்கு குறைவு. எனக்குப் போலி பூயாபேஸைவிட நல்ல மீன் சூப் நூறு மடங்கு மேல்.

இன்னொன்று, ரெஸ்டாரன்டுக்குப் போகும் முன் காலையில் பழைய துறைமுகத்துக்குப் போங்கள். மீனவக் குடும்பங்கள் கரையிலேயே மேசை போட்டு விற்பார்கள். அங்கே அன்றைக்கு என்ன வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, மதியம் மெனுவைத் திறங்கள். காலையில் மேசையில் பார்த்த மீன் மெனுவில் இருந்தால் நல்ல சகுனம்.

(திரையில்: சான் பிரியூ வளைகுடா, பிரிட்டனி)

அடுத்து பிரான்ஸின் வடமேற்கு. கோடை விடுமுறையில் பிரிட்டனிக்கோ நார்மண்டிக்கோ போகிறீர்கள், மெனுவில் "உள்ளூர்ச் சான் ஜாக்" என்று இருக்கிறது. சான் ஜாக் என்றால் விசிறி வடிவ ஓட்டுக்குள் இருக்கும் ஸ்காலப். ஜூலையில் இதைப் பார்த்தால் கேள்வி கேளுங்கள், ஏனென்றால் பிரெஞ்சுப் படகுகள் இதைப் பிடிக்க அனுமதி அக்டோபர் 1 முதல் மே 15 வரைதான். சான் பிரியூ வளைகுடாவில் கட்டுப்பாடு இன்னும் கடுமை: பருவத்திலேயே வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 45 நிமிடம் வலை இழுக்கலாம் என்பதுதான் அங்கே பேர்போன விதி! முகூர்த்த நேரம் போல, குறித்த நிமிடத்தில் எல்லாப் படகும் வலையை இறக்கி, குறித்த நிமிடத்தில் தூக்கிவிட வேண்டும். மேலே விமானம் பறந்து கண்காணிக்கும். இந்த ஸ்காலப் அழியாமல் இருக்க மீனவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு இது. 2018 ஆகஸ்டில் செய்ன் வளைகுடாவில் பிரிட்டிஷ் படகுகள் கோடையிலேயே வந்து அள்ளியபோது பிரெஞ்சு மீனவர்கள் கல்லெறிந்து சண்டை போட்ட வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம். கல்லெறிவது சரி என்று நான் சொல்லவில்லை, ஆனால் அந்த வயிற்றெரிச்சல் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது.

சரி, ஜூலை, ஆகஸ்டில் என்ன சாப்பிடுவது? மட்டி! மோன் சான் மிஷேல் வளைகுடாவில் மரக்கம்பங்களில் வளர்க்கிற பூஷோ மட்டி கோடையில்தான் வரத் தொடங்கும். பிரான்ஸில் பிறப்பிடச் சான்று பெற்ற முதல் கடல் உணவு இதுதான், 2006-இல். சின்னதாக, ஆரஞ்சு நிறச் சதையாக, மணல் கடிபடாமல் இருக்கும்.

சிப்பி, அதாவது ஆய்ஸ்டர். பச்சையாகச் சாப்பிடப் பயமாக இருந்தால் கட்டாயம் இல்லை. சாப்பிடுகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், எண் ஏற ஏறச் சிப்பி சின்னதாகும். ஓடு குழிவாக இருக்கும் குழிச்சிப்பியில் 0 தான் பெரியது, 5 குட்டி. 3-ஆம் எண் 66 முதல் 85 கிராம், முதல் தடவைக்கு 3 அல்லது 4 போதும். திறந்த சிப்பி உயிரோடு இருக்க வேண்டும், முள்கரண்டியால் ஓரத்தைத் தொட்டால் சுருங்க வேண்டும், சுருங்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள், வெட்கப்படாதீர்கள். சிப்பி வரும் பெட்டியில் சுகாதாரச் சீட்டு இருக்கும், பெட்டியைப் பிரித்த பிறகும் அதை 60 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தயங்காமல் எடுத்துக் காட்டினால் நல்ல இடம்.

இங்கே ஒரு கதை, சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. 1868-இல் மொர்லேசியன் என்ற கப்பல் போர்ச்சுகல் சிப்பிகளை ஏற்றிக்கொண்டு வரும்போது புயலில் மாட்டி ஜிரோந்து முகத்துவாரத்தில் ஒதுங்கியது. சரக்கு கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடலில் கொட்டிவிட்டார்கள். சாகவில்லை! பெருகி அந்தக் கரையையே பிடித்துக்கொண்டன. ஒரு நூற்றாண்டு பிரான்ஸுக்குச் சோறு போட்ட அந்த இனம் 1970 வாக்கில் நோயில் அழிய, ஜப்பான் இனத்தைக் கொண்டுவந்து வளர்த்தார்கள். இன்று நீங்கள் பிரான்ஸில் சாப்பிடுகிற குழிச்சிப்பி அந்த ஜப்பான் வம்சம். பிரிட்டனியில் கான்கால் போனால் ரெஸ்டாரன்டே தேட வேண்டாம், கரையில் வரிசையாகக் கடைகள், ஒரு டஜன் வாங்கி, அங்கேயே திறந்து, எலுமிச்சை பிழிந்து, கடலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஓட்டைக் கீழே கரையில் போடுங்கள், அதுதான் அந்த ஊர் வழக்கம்.

(திரையில்: கரும்பலகை மெனு)

மெனு படிக்கும்போது வேகமாகச் சில விஷயம். கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிய சின்ன மெனு நல்லது. "செலோன் அரிவாஜ்" (selon arrivage) என்றால் அன்றைய வரத்தைப் பொறுத்து. "சொவாஜ்" (sauvage) கடலில் பிடித்தது, "எல்வாஜ்" (élevage) வளர்ப்பு. முழு மீன் விலை பல இடங்களில் 100 கிராமுக்கு எழுதியிருக்கும், அதை மொத்த விலை என்று நினைத்துவிடாதீர்கள், நிறுத்துக் காட்டச் சொல்லி மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். சட்டியின் மேல் வீட்டுக்கூரை போட்ட "வீட்டுச் செய்முறை" முத்திரை 2014-இல் வந்தது; அங்கேயே சமைத்தது என்றுதான் அர்த்தம், உறையவைத்த பச்சை மீனையும் அதற்குப் பயன்படுத்தலாம். பாரிஸில் திங்கட்கிழமை மீன் சாப்பாடு வேண்டாம் என்பது என் கருத்து, பாரிஸ் கடைகள் மீன் வாங்குகிற ருங்கிஸ் மொத்தச் சந்தையின் மீன் மண்டபம் செவ்வாய் முதல் சனி வரைதான்.

பிரிட்டனியில் தூண்டில் மீனவர்கள் பிடித்த பார் (சீ பாஸ்) மீனின் செவுளில் எண் போட்ட அட்டை தொங்கும். அந்த எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டால் பிடித்த மீனவர் யார், எந்தப் படகு என்று வரும்! அந்த அட்டையை மேசையில் கொண்டுவந்து காட்டுகிற ரெஸ்டாரன்ட் கிடைத்தால் விலை கூடுதலாக இருந்தாலும் உட்காருங்கள்.

பாரிஸில் இருக்கிற ஈழத்தமிழ் உறவுகளே, உங்களில் பலர் ரெஸ்டாரன்ட் சமையலறைகளில் வேலை செய்கிறவர்கள், உள்ளே மீன் எப்படி வருகிறது என்று எங்கள் எல்லாரையும்விட உங்களுக்குத் தெரியும். நீங்கள் நம்பிச் சாப்பிடுகிற கடை எது என்று கமெண்டில் எழுதுங்கள், பின் பண்ணி வைக்கிறேன். மற்றவர்கள் எந்த ஊருக்கு, எந்த மாதம் போகிறீர்கள் என்று எழுதுங்கள். அந்த மாதத்தில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று பதில் போடுகிறேன். பிடித்திருந்தால் லைக் போட்டு, பிரான்ஸுக்கு டிக்கெட் எடுத்த நண்பருக்கு அனுப்பிவிடுங்கள்.