.196-ம் .146-ம்: தடுமாறும் இளம் இன்ஃபீல்டரை வளர்ப்பதா, விற்பதா?

அவையோருக்கு வணக்கம்.

இரண்டு எண்களோடு தொடங்குகிறேன். .196, .146. இரண்டுமே அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் இளம் தேர்ட் பேஸ் ஆட்டக்காரர்கள், அதாவது பேஸ்களை ஒட்டி நின்று காக்கும் இன்ஃபீல்டர்கள், ஒரு சீசன் முழுக்கத் தேற்றிய பேட்டிங் சராசரி. கிரிக்கெட் சராசரி போல ரன் கணக்கு அல்ல; அடித்துவிட்டுப் பத்திரமாகப் பேஸை எட்டுவது ஹிட், ஆயிரத்துக்கு 196 ஹிட் என்றால் .196. முதலாமவர் 1973-ல் பிலடெல்பியா பிலீஸ் அணியின் மைக் ஷ்மிட். மற்றவர் 2010-ல் ஏஞ்சல்ஸ் அணியின் பிராண்டன் வுட். ஷ்மிட் மறு ஆண்டே 36 ஹோம் ரன் (நம் சிக்ஸர் போல வேலி தாண்டும் அடி) அடித்து, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகில் முதலிடம் பிடித்தார். 548 ஹோம் ரன்களும் லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதுகள் மூன்றும் சேர்த்தபிறகுதான் மட்டையைக் கீழே வைத்தார். வுட்டை ஏஞ்சல்ஸ் 2011 ஏப்ரலில் கைவிட்டது. இத்தனைக்கும் 2005-ல் மைனர் லீகில், அதாவது இளைஞர்களைப் பழக்கும் கீழ்நிலைப் போட்டிகளில், 43 ஹோம் ரன் அடித்தவர் அவர். முளையிலே தெரியும் என்பதெல்லாம் பயிருக்குப் பொருந்தலாம்.

மூன்று ஸ்ட்ரைக் வாங்கி வெளியேறுவது ஸ்ட்ரைக் அவுட்; அதை எண்ணினால் விஷயம் தெரிந்துவிடும் என்பார்கள். தெரியாது. ஷ்மிட் 443 முறை மட்டை பிடிக்க வந்து 136 முறை ஸ்ட்ரைக் அவுட். வுட் 243 முறை வந்து 71. நூற்றுக்கு முப்பதை ஒட்டித்தான் இரண்டும். சொல்லப்போனால் ஷ்மிட்டுடையது ஒரு பிடி அதிகம். வேறுபாடு இருக்கும் இடம் வாக். ஷ்மிட்டுக்கு 62, வுட்டுக்கு 6. ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே விழும் நான்கு பந்துகளைத் தொடாமல் விட்டால் கிடைப்பது வாக். கிரிக்கெட்டில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விடுவதற்குக் கூலி கிடையாது. இங்கே முதல் பேஸே கூலி. ஷ்மிட் பந்தைத் தவறவிட்டார், ஆனால் எந்தப் பந்து தனக்கானது என்று அவர் கண்ணுக்குத் தெரிந்திருந்தது. மட்டை வீச்சைத் திருத்தலாம். கண்ணைத் திருத்துவது அதைவிடப் பல மடங்கு கடினம்.

ஆகவே சராசரியைக் கடைசியாகப் பாருங்கள். மட்டையில் பட்டு மைதானத்துக்குள் வந்த பந்துகளில், ஹோம் ரன்களைக் கழித்தால், சுமார் 30 சதவீதமே ஹிட் ஆகும். இருநூறு முறை மட்டை பிடித்த ஒரு பையனுக்கு அது 24-க்கு இறங்கினால் வெறும் துரதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். பந்து மணிக்கு 95 மைலுக்கு மேல் பறந்து நேராக எதிரணியின் கையுறைக்குள் போகிறதா, இல்லை மெதுவாக உருண்டு செகண்ட் பேஸ்காரரிடம் போகிறதா என்று பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

இந்த அளவுகோலுக்கு அடங்காதவர்களும் உண்டு. பிராண்டன் பிலிப்ஸ் 2003-ல் கிளீவ்லேண்டுக்காக 112 ஆட்டங்களில் .208. வாக் எடுக்கும் வழக்கமும் இல்லை. வாக்கையும் சேர்த்துப் பேஸைத் தொட்ட விகிதமே .242தான். ஆனால் பந்தைப் பிடிக்கும் கை அபாரம், வயதோ 22. அடுத்த இரண்டு சீசன்களும் பெரும்பாலும் மைனர் லீகிலேயே கழிந்தன. 2006-ல் என்ன நடந்தது என்று புரிய ஆப்ஷன் கணக்கு தெரிய வேண்டும்.

அணியின் நாற்பது பேர் முதன்மைப் பட்டியலில் உள்ள ஆட்டக்காரரை மைனர் லீகுக்கு அனுப்ப அணிக்குப் பொதுவாக மூன்று சீசன் உரிமை உண்டு. அந்த உரிமைதான் ஆப்ஷன். ஒரு சீசனில் மொத்தம் 20 நாள் கீழே இருந்தால் ஒரு ஆப்ஷன் செலவு. மூன்றும் தீர்ந்தால் அவரைக் கீழே அனுப்பும் முன் மற்ற எல்லா அணிகளுக்கும் காட்ட வேண்டும். யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொள்ளலாம். பிலிப்ஸுக்கு ஆப்ஷன் தீர்ந்திருந்தது, மேலே இடமும் இல்லை. ஏப்ரலில் சின்சினாட்டிக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு வந்தவர், பெயரைப் பிறகு சொல்கிறோம் என்ற வகையில் வந்த ஒரு பிட்சர், அதாவது பந்து வீசுபவர். அடிமாட்டு விலை. பிலிப்ஸ் 2007-ல் 30 ஹோம் ரன்னும் 30க்கு மேல் பேஸ் திருட்டும் கண்டார், பின்னர் சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்ட் கிளவ் விருது நான்கு வாங்கினார்.

கிளீவ்லேண்ட் விற்றதைக் குறை சொல்ல மாட்டேன். விற்ற நாள்தான் தவறு. ஒரு ஆப்ஷன் மிச்சமிருக்கும்போதே விற்றிருந்தால், வாங்குபவருக்கும் அவரைக் கீழே வைத்துப் பழக்க ஓராண்டு கிடைத்திருக்கும். அதற்கு அவர் விலை கொடுப்பார். ஆப்ஷன் இல்லாத ஆளுக்கு, நாளை இலவசமாகவே வருவான் என்று எதிரணி காத்திருக்கும்.

சரி, வளர்ப்பது என்று முடிவெடுத்தால்? பெஞ்சில் உட்கார வைத்து வாரம் இருமுறை ஆட விடுவதைப்போல் கெடுதல் வேறில்லை. அடிக்கத் திணறும் பையனுக்குத் தேவை தினமும் நான்கைந்து முறை மட்டை பிடிப்பது. அது மைனர் லீகில்தான் கிடைக்கும். 2014 மே மாதம் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அணி .152-ல் கிடந்த மைக் மூஸ்டாகாஸைத் தன் மைனர் லீக் அணி இருக்கும் ஓமாஹாவுக்கு அனுப்பி, பத்து நாளில் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு பிளே-ஆஃப் சுற்றுகளில் அவர் ஐந்து ஹோம் ரன் அடித்தார். பத்து நாளில் மந்திரம் நடந்தது என்று சொல்லவில்லை; திரும்பி வந்தபின்னும் சில மாதங்கள் சுமாரான ஆட்டம்தான்.

ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். நிற்கும் நிலை, கையின் உயரம், காலைத் தூக்கும் நேரம் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று பயிற்சியாளருக்கே தெரியாது. செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பில் ஆடுபவரைச் செகண்ட் பேஸுக்கு மாற்றுவதானால், அந்த மாதம் அவர் மட்டை வீச்சில் கை வைக்காதீர்கள். அதே ராயல்ஸ் அணியில், தேர்ட் பேஸில் காலூன்றாத அலெக்ஸ் கோர்டனை 2010-ல் ஓமாஹாவுக்கு அனுப்பி, வெளி மைதானத்தின் இடது பக்கமான லெஃப்ட் ஃபீல்டுக்குப் பழக்கினார்கள். பின்னாளில் எட்டு கோல்ட் கிளவ் வாங்கினார்.

விற்பதானால் கேட்கும் பொருளிலும் கவனம் வேண்டும். 172 நாள் பணி என்பது ஓராண்டுக் கணக்கு. ஆறு ஆண்டு முடியும்வரை ஆட்டக்காரர் அணியின் பிடியில். முதல் மூன்றாண்டு ஏறக்குறையக் குறைந்தபட்சச் சம்பளம்தான், 2025-ல் அது 7,60,000 டாலர். அப்படி ஐந்தாண்டு மிச்சமுள்ள இளைஞனைக் கொடுத்து, அக்டோபரில் ஒப்பந்தம் முடியும் மூத்த பிட்சரை வாங்கும் அணிகள் ஒவ்வொரு ஜூலையிலும் உண்டு. கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் சரி. இல்லையென்றால் எதிரணியிலும் இவரைப்போலவே தடுமாறும், ஆப்ஷன் மிச்சமுள்ள இளம் பிட்சர் ஒருவர் இருப்பார். அவரைக் கேளுங்கள், அவருடைய விலையும் இன்று தரையில்தான் கிடக்கும்.